கொமட் பைப் ஒழுகுது: ஹாட்வெயார் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஹாட்வெயார் கடையொன்றின் கவுண்டரில் 19 வருடமாக நிற்கிறேன். கடை திறந்ததும் வருகிற முதல் நாலைந்து பேரில் ஒருவராவது டொய்லட் ஒழுக்கோடு வருவார். கையில் ஒரு துண்டுப் பைப், போனில் இருட்டுக்குள் எடுத்த படம், முகத்தில் இரவு நித்திரை இல்லாத களைப்பு. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவரவர் கேட்ட வாக்கிலேயே எழுதி, நான் சொல்கிற பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் படித்த பிளம்பர் இல்லை. பாஸ்மாரோடு, அதாவது மேசன், பிளம்பர் வேலைக்கு வருகிறவர்களோடு பழகியும், சொந்த வீட்டில் பிழை விட்டும் தெரிந்துகொண்டவை இவை.

"தம்பி, கொமட்டுக்குப் பின்னால தரையில தண்ணி நிக்குது. வேஸ்ட் பைப் போயிட்டுது. என்ன சாமான் வாங்கோணும்?"

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். முதலாளிக்கு இந்தப் பதில் பிடிக்காது. ஆனால் கொமட்டைச் சுற்றி நாலு விதமான தண்ணீர் உண்டு. சுவரிலிருந்து சிஸ்டனுக்கு ஏறும் நல்ல தண்ணீர், கையில் பிடித்துக் கழுவும் ஷவரின் தண்ணீர், சிஸ்டனிலிருந்து கொமட்டுக்கு இறங்கும் ஃபிளஷ் தண்ணீர், கடைசியாகக் கழிவு. நாலும் ஒழுகினால் ஒரே மூலையில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் தரையின் சாய்வு அந்தப் பக்கம். தண்ணீர் தெரிகிற இடத்துக்கும் ஒழுகுகிற இடத்துக்கும் ஒரு அடி தூரம் இருக்கலாம், ஒரு மாடி தூரமும் இருக்கலாம்.

எனவே தரையையும் கொமட்டின் பின்புறத்தையும் பழைய சீலையால் நன்றாகத் துடையுங்கள். வால்வு, ஹோஸ், ஷவர் மூட்டு, கொமட்டின் அடி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு டிஷ்யூ வையுங்கள். ஒரு மணித்தியாலம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. அதற்குள் ஒரு டிஷ்யூ நனைந்தால் அது பெரும்பாலும் நல்ல தண்ணீர் ஒழுக்கு. வால்வைப் பூட்டிவிட்டு, ஹோஸின் வாஷரையோ ஷவரையோ மாற்றினால் வேலை முடிந்தது. ஃபிளஷ் பண்ணாதவரை கழிவுப் பைப்பில் தண்ணீர் ஓடாது. ஓடாதது ஒழுகவும் முடியாது. மாடி வீட்டுக்காரரோடு பொதுவாக உள்ள பைப் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

"டிஷ்யூ எல்லாம் காய்ஞ்சுதான் இருந்துது. ஃபிளஷ் பண்ணினாப் பிறகுதான் ஈரம். அப்ப வேஸ்ட் பைப்தானே?"

இன்னும் ஒரு சோதனை பாக்கி. சிஸ்டனைத் தொடாமல், ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கேக் கலரிங் கரைத்து நேரே கொமட்டுக்குள் வேகமாக ஊற்றுங்கள். கலர்த் தண்ணீர் தரையில் வந்தால் கழிவுப் பக்கம்தான். வராவிட்டால், அடுத்த தரம் கலரைச் சிஸ்டனுக்குள் போட்டு ஃபிளஷ் பண்ணுங்கள். அப்போது மட்டும் வந்தால் சிஸ்டனுக்கும் கொமட்டுக்கும் இடையில் பிழை.

சிஸ்டன் சுவரில் உயரத் தொங்குகிற பழைய மாதிரி என்றால், ஃபிளஷ் பைப் கொமட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் கோன் இருக்கும். அது இறுகி வெடித்திருக்கும். சிஸ்டன் கொமட்டின் மேலேயே உட்காருகிற மாதிரி என்றால், இரண்டுக்கும் நடுவில் தடித்த வாஷர் ஒன்றும் இரண்டு போல்ட்டும் இருக்கும். இதெல்லாம் ஸ்க்ரூ ட்ரைவரும் ஸ்பானரும் வைத்து நீங்களே மாற்றக்கூடியவை. "வேஸ்ட் பைப் போயிட்டுது" என்று வருகிறவர்களில் பலர் கடைசியில் ஒரு வாஷரோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

"பைப் கம் ஒரு டின் தாங்க. வெடிப்புக்கு வெளியால ரெண்டு கோட் அடிச்சு விடுறேன்."

இந்த வசனத்தை ஒரு கிழமையில் பத்துத் தரமாவது கேட்கிறேன். பீ.வீ.சி. கம் ஒட்டுகிற பசை கிடையாது. பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து, பைப்பும் சொக்கட்டும் (பைப்பின் முனை உள்ளே போகிற இணைப்பு) ஒன்றுக்குள் ஒன்று இறுகி இருக்கும்போது இரண்டு தோலையும் ஒன்றாக உருக்கிவிடும் திரவம் அது. பைப் சொக்கட்டுக்குள் போகவேண்டும், இரண்டும் காய்ந்திருக்க வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் வெளியால் பூசினால் மெல்லிய தோல் போலக் காய்ந்து, அடுத்த மாதம் வெங்காயச் சருகு போல உரியும். உள்ளே ஒழுக்கு அப்படியே இருக்கும்.

"அப்ப சிலிக்கன்?"

ஈரத்தில் பிடிக்காது. கொமட்டின் அடியைச் சுற்றி முழுவதும் சிலிக்கன் அடித்தால் ஒழுக்கு நிற்காது, உங்கள் கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான். தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் போய், கீழ்வீட்டுச் சீலிங்கில் தலைகாட்டும். ஒழுக்கு எல்லாம் தீர்ந்த பிறகு அழகுக்கு அடிப்பதென்றால் அடியுங்கள். அப்போதும் பின்பக்கம் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள். பிற்காலத்தில் ஏதும் ஒழுகினால் அந்த வாசலால்தான் உங்களுக்குச் செய்தி வரும்.

"கொமட்டின்ட வாய் பைப்புக்குள்ள போற இடத்தில சீமெந்து வெடிச்சிருக்கு. சுரண்டிப் போட்டுத் திரும்பப் பூசலாமா?"

பூசலாம், ஆறு மாதம் நிற்கலாம். முன்பு கட்டிய வீடுகளில் கொமட்டின் வாயைப் பைப்புக்குள் வைத்து, சுற்றிவரச் சீமெந்து அடைத்து முடித்துவிடுவார்கள். சீமெந்துக்கு அசைவு பிடிக்காது. 80 கிலோ ஆள் ஒரு நாளைக்கு நாலு தரம் இருந்து எழும்பினால், கொமட் முடி அளவாவது அசையும். அந்த அசைவுக்குச் சீமெந்து மயிரிழை போல வெடிக்கும். வெடிப்பால் ஃபிளஷ் பண்ணும்போது மட்டும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் கசியும். இந்த ஊரில் நான் பார்த்த உண்மையான கழிவு ஒழுக்குகளில் அதிகம் இந்த வகைதான்.

இதற்குச் சரியான சாமான் பான் கனெக்டர். ஒரு பக்கம் கொமட்டின் வாயைக் கவ்வும் ரப்பர், மறுபக்கம் 110 மில்லிமீற்றர் கழிவுப் பைப்புக்குள் இறுகும் ரப்பர் இதழ்கள். ரப்பர் என்பதால் கொமட்டோடு சேர்ந்து அதுவும் அசையும். நேரானது, வளைந்தது, நடு கொஞ்சம் விலகியது என்று சில மாதிரி உண்டு. வாங்க வருமுன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று கொமட் வாயின் வெளி விட்டம், மற்றது வாயின் நுனியிலிருந்து பைப்பின் விளிம்பு வரை எவ்வளவு தூரம். இரண்டாவதை யாரும் எடுத்து வருவதில்லை. பிறகு மூன்று தரம் கடைக்கு நடக்கிறார்கள்.

பழைய சீமெந்தைச் சுத்தியலால் தட்டாதீர்கள். சின்ன உளியால், கொமட்டின் பக்கத்திலிருந்து விலகி, பைப்பின் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். பீங்கானில் ஒரு தட்டுப் பிழைத்தால் பான் கனெக்டர் வாங்க வந்தவர் கொமட் வாங்க வரவேண்டியதுதான். பூட்டும்போது ரப்பருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் கிரீசும் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும்.

"கொமட்டைக் கழட்டாமலே இதைச் செய்ய ஏலாதா?"

கொமட்டின் வாய் பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தால், அதாவது பி-ட்ராப் என்றால், சில வேளை கொமட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தே கனெக்டரைப் பூட்டிவிடலாம். வாய் தரையைப் பார்த்திருந்தால், அதாவது எஸ்-ட்ராப் என்றால், தூக்கியே ஆகவேண்டும். மூட்டு கொமட்டுக்கு நேர் கீழே இருக்கிறது, கை போகாது.

தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் வால்வைப் பூட்டி, ஃபிளஷ் பண்ணி, மிச்சத் தண்ணீரைச் சின்னக் கப்பாலும் ஸ்பொஞ்சாலும் எடுத்துவிடுங்கள். தரையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் கழற்றலாம். சீமெந்துப் படுக்கையில் உட்காரவைத்திருந்தால் அது பாஸின் வேலை, நீங்கள் தொட வேண்டாம். தூக்கியதும் திறந்திருக்கும் பைப் வாயைச் சீலைப் பந்தால் அடையுங்கள். மணம் வராது, ஸ்க்ரூவும் உள்ளே விழாது. அந்தச் சீலையின் ஒரு முனையை நீளமாக வெளியே விட்டு, மேலே ஒரு செங்கட்டியை வையுங்கள். நான் என் வீட்டில் அடைத்த சீலையை எடுக்க மறந்து கொமட்டைத் திரும்பப் பூட்டியவன். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். மனிசி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அந்தக் கதையைச் சொல்கிறாள்.

"பாஸ் 4 இஞ்சி எண்டு எழுதித் தந்தார். நீங்க 110 எண்டு தாறீங்க. எது சரி?"

இரண்டும் ஒன்றுதான். 110 என்பது பைப்பின் வெளி விட்டம், மில்லிமீற்றரில். 4 இஞ்சி என்பது பழைய வாய்ப் பழக்கம். கழிவுக்கு டைப் 600 போதும். டைப் 1000 தடித்தது, அமுக்கத்தில் ஓடும் தண்ணீருக்கானது. கழிவுப் பைப்பில் அமுக்கம் இல்லை, வெறும் சாய்வில் இறங்குகிறது. இரண்டுக்கும் வெளி அளவு ஒன்றே என்பதால் சொக்கட் பொருந்தும். சந்தேகம் என்றால் வெட்டிய துண்டைக் கழுவிக் கொண்டு வாருங்கள். கழுவி என்று சொன்னதைக் கவனியுங்கள்.

"அண்ணே, பைப் சுவருக்கு வெளிப்பக்கமா போகுது, மூட்டு விலகித் தொங்குது. அத நானே மாத்திரலாமா?"

வெளியே ஓடுகிற பைப், கையெட்டும் உயரம், உங்கள் வீட்டுக் கழிவு மட்டும் என்றால் மாற்றலாம். ஏணியில் இரண்டாம் மாடி வரை ஏறவேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

ஏன் விலகியது என்று முதலில் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில், வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை, இரும்புக் கிளிப் எல்லாம் உப்புக் காற்றில் சில வருடத்திலேயே துருவேறி உதிர்ந்துவிடும். கிளிப் போனால் பைப் தன் பாரத்தில் தொய்யும். தொய்ந்த இடத்தில் கழிவு தேங்கும், பாரம் கூடும், மூட்டுத் திறக்கும். மூட்டை மட்டும் மாற்றிக் கிளிப்பை விட்டால் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப என்னிடம்தான் வருவீர்கள். பிளாஸ்டிக் கிளிப் அல்லது துருப்பிடிக்காத எவர்சில்வர் கிளிப், கிடையாக ஓடும் பைப்புக்கு ஒரு மீற்றருக்கு ஒன்று போடுங்கள். சாய்வு ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். வெயில் படும் பைப்புக்குப் பெயின்ட் அடித்தால் பிளாஸ்டிக் வரண்டு நொறுங்குவது குறையும்.

வேலை இப்படி: வீட்டில் எல்லாரிடமும் சொல்லி டொய்லட் கதவில் கயிறு கட்டுங்கள். சொல்வது மட்டும் போதாது. கீழே வாளி வைத்து, கெட்ட மூட்டின் இரு பக்கமும் நல்ல பைப் வரும் வரை ஹாக்ஸோவால் நேராக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் உரஞ்சி, பிசிறு எடுத்து, ஓரத்தைச் சரித்துவிடுங்கள். இரு முனையும் சுவரோடு நிற்பதால் சாதாரண சொக்கட் உள்ளே போகாது. நடுவில் நிறுத்தம் இல்லாத, ரப்பர் வளையம் உள்ள சொக்கட் இரண்டு வாங்குங்கள். புதுத் துண்டை இடைவெளியிலும் ஒரு சென்ரிமீற்றர் குறைத்து வெட்டி, சொக்கட்டுகளை அதன் மேல் முழுவதும் தள்ளி, துண்டை இடத்தில் வைத்து, சொக்கட்டுகளைப் பழைய பைப்பின் மேல் பாதி வரை வழுக்கிவிடுங்கள். பாதி எங்கே என்று முன்பே பேனையால் கோடு போட்டிருக்க வேண்டும். இதே வேலையைக் கம் பூசிச் செய்தால், சொக்கட் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கடவுள் வந்தாலும் அசைக்க முடியாது.

"கம் போட்டு ஒட்டின பிறகு எவ்வளவு நேரம் டொய்லட்டைப் பாவிக்கக் கூடாது?"

கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பைப் தானே வெளியே தள்ளப் பார்க்கும். அதன் பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால் கழிவு ஓடத் தாங்கும். முழு இறுக்கத்துக்கு ஒரு நாள். ரப்பர் மூட்டுக்குக் காத்திருப்பே இல்லை.

"இண்டைக்குப் போயா லீவு. பாஸ் நாளைக்குத்தான் வருவார். ராவுக்கு வீட்டில ஏழு பேர். என்ன செய்ய?"

இன்னொரு டொய்லட் இருந்தால் அதற்குப் போங்கள், இதைப் பூட்டுங்கள். இல்லையென்றால் வெளிப் பைப்பின் வெடிப்புக்குப் பழைய சைக்கிள் டியூப் நல்ல வைத்தியம். நீளவாக்கில் கீறி, துடைத்துக் காயவைத்த பைப்பில் இழுத்து இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி, இரு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். அமுக்கம் இல்லாத பைப் என்பதால் ஒரு கிழமை கூடத் தாங்கும். இரண்டு நிற மாவாக வந்து பிசைந்து அப்பும் எபொக்சியும் உண்டு, ஆனால் பைப் எலும்பு போலக் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். போயா இரவில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் அது நடக்காது.

கொமட்டின் அடியில் ஒழுக்கு என்றால் கட்ட இடமில்லை. சிஸ்டனை விட்டுவிட்டு வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சுற்றிவரச் சீலை போடுங்கள், சீலையை அடிக்கடி மாற்றுங்கள்.

"சின்னப் பிள்ள உள்ள வீடு தம்பி. இந்தத் தண்ணில கை கால் பட்டா ஏதும் வருமா?"

வரும், அதனால்தான் கையுறையும் மூடிய செருப்பும் போடச் சொல்கிறேன். வயிற்றோட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொன்று எலிக்காய்ச்சல். கொழும்பில் கழிவுப் பைப், கான், மேன்ஹோல் எல்லாம் எலியின் பெருந்தெரு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியே உடம்புக்குள் போகும். வேலை செய்து சில நாள் அல்லது இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு என்று வந்தால் டொக்டரிடம் "கழிவுத் தண்ணியில கை வைச்சனான்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

வேலை முடிந்ததும் தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சும் டொய்லட் கழுவும் அசிட்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவு பூட்டிய சின்ன பாத்ரூமில் அது மூச்சை அடைக்கும். முதல்நாள் அடைப்பு எடுக்க காஸ்டிக் சோடா போட்டிருந்தால் பாஸிடம் மறக்காமல் சொல்லுங்கள், மூட்டைத் திறக்கும்போது அவர் முகத்தில் தெறிக்கும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே யாரும் இறங்கக் கூடாது. டோர்ச் விழுந்தாலும் சரி, போன் விழுந்தாலும் சரி. உள்ளே உள்ள வாயு ஆளைச் சில மூச்சுக்குள் விழுத்தும், தூக்க இறங்கினவரையும் சேர்த்து.

"தண்ணி ஒரு சொட்டும் இல்லை. மணம் மட்டும்தான் வருது."

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு மாதம் போய்வந்த வீடு என்றால், ட்ராப்பில், அதாவது பைப்பின் வளைவில், நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் கழிவுப் பைப்பின் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள கதவு. கொமட்டிலும் தரை வடிகாலிலும் ஒரு வாளி ஊற்றுங்கள். அடுத்த முறை போகுமுன் ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும்.

ஆட்கள் இருக்கிற வீட்டில், ஃபிளஷ் பண்ணும்போது பக்கத்துப் பேசின் களக் களக் என்று சத்தம் போட்டால் காற்றுப் பைப் அடைத்திருக்கும். கூரைக்கு மேலே போகிற அதன் வாயில் காகம் கூடு கட்டியிருக்கும், அல்லது நுளம்பு வலையில் குப்பை சேர்ந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் மேல் பாதியில் வெடித்த பைப்தான். தண்ணீர் பைப்பின் அடிப்பாகத்தில் ஓடுவதால் மேல் வெடிப்பு ஒழுகாது, மணக்க மட்டும் செய்யும். டோர் பென்ட், டோர் டீ (அடைப்பு எடுக்கத் திறக்கும் மூடியுள்ள வளைவும் கிளையும்) போட்ட இடங்களில் அந்த மூடியின் ரப்பரையும் பாருங்கள். அடைப்பு எடுக்க வந்தவர்கள் அதைச் சரியாகத் திரும்ப வைப்பது அபூர்வம்.

"மழை பெய்ஞ்சா மட்டும்தான் மூட்டால தண்ணி வருது. வெயிலுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

அப்படியென்றால் மேலிருந்து வருகிற தண்ணீரை விட்டுவிட்டுக் கீழிருந்து ஏறுகிறதைப் பாருங்கள். கொழும்பு நகரத்துக்குள் மாநகர சபையின் கழிவுக் குழாய் வலை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது, நூறு வருடத்துக்கு மேல் வயது. அது வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகிறது. கழிவுக்கென்று போட்ட குழாய்க்குள் மழைத் தண்ணீரும் புகுந்தால் அது நிரம்பி, தாழ்ந்த இடத்து வீடுகளின் பைப்புக்குள் எதிர்த்து ஏறும். அந்த நேரத்தில் மட்டும் உங்கள் கழிவுப் பைப்பில் அமுக்கம் உண்டு. வெயிலில் தாங்கும் மூட்டு மழையில் தாங்காது.

முதலில் உங்கள் கூரைப் பீலியின் பைப் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். செலவு குறைக்க அதைக் கழிவு மேன்ஹோலுக்குள் விட்ட வீடுகள் எத்தனையோ. அது மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குத்தான் போகவேண்டும். அதைத் திருத்திய பிறகும் வந்தால் மாநகர சபைக்கு அறிவியுங்கள், தெருப் பக்கம் அடைத்திருக்கும். நகர எல்லைக்கு வெளியே செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால், மழையில் நிலத்தடி நீர் ஏறி, டேங்கின் தண்ணீர் நிலத்துக்குள் ஊறும் ஊறுகுழி தண்ணீர் குடிக்க மறுக்கிறது. கழிவு உறிஞ்சும் பௌசரை அழைத்து எடுத்தால் சில நாள் ஆறுதல், ஈரம் இறங்கும் வரை அவ்வளவுதான்.

"வீடு அப்பாட காலத்தது. பைப் பீ.வீ.சி. இல்லை, இரும்பு மாதிரி இருக்கு."

தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் வார்ப்பிரும்பு. அதன் மூட்டுகளில் ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். அதை இன்று செய்கிற கை மிகக் குறைவு. கெட்ட துண்டை வெட்டி எடுத்து நடுவில் பீ.வீ.சி. போட்டு, எவர்சில்வர் பட்டியுள்ள ரப்பர் கப்ளிங்கால் இணைப்பதுதான் நடைமுறை. ஆனால் நிற்கிற வார்ப்பிரும்புப் பைப்பின் நடுவை வெட்டினால் மேல் பாதி தன் பாரத்தில் இறங்கும். முட்டுக் கொடுக்காமல் வெட்டக் கூடாது. இது பாஸின் வேலை.

தட்டினால் மந்தமாக ஒலித்து, சாம்பல் நிறச் சீமெந்து போல இருந்தால் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். கிரைண்டர் வைத்து வெட்டாதீர்கள், வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் நோயாகத் தெரியும். நனைத்து, முழு நீளமாகக் கழற்றி எடுப்பதே வழி.

"கீழ்வீட்டுக்காரர் தன்ட சீலிங் நனையுது எண்டு ஒவ்வொரு நாளும் மேல வாறார். என்ட பாத்ரூம் தரை காய்ஞ்சு கிடக்கு. யார் காசு கட்டுறது?"

தொடர்மாடியில் இந்தச் சண்டை பைப்பைவிடப் பழையது. உங்கள் தரை காய்ந்திருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் போகலாம். அவர் சீலிங் நனைவதும் நிரூபிக்காது, கொங்கிரீட்டுக்குள் தண்ணீர் எங்கு நுழைந்து எங்கு வெளிவரும் என்பதற்குக் கணக்கில்லை. மூன்றாம் மாடியின் ஒழுக்கு இரண்டாம் மாடியை விட்டு முதலாம் மாடியில் சொட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மேலே இரண்டாவது பதிலில் சொன்ன கலர்ச் சோதனையைக் கீழ்வீட்டுக்காரரையும் கூட்டி வைத்துச் செய்யுங்கள். அவர் கீழே நிற்கட்டும், நீங்கள் மேலே ஊற்றுங்கள், போன் இருவர் காதிலும் இருக்கட்டும். கொமட்டுக்கு ஒரு கலர், தரை வடிகாலுக்கு இன்னொரு கலர். கசிவு மெல்லியதென்றால் ஒரு நாள் வரை காத்திருக்கவேண்டி வரும்.

பணம் யாருடையது என்பது பைப் யாருக்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கொமட்டிலிருந்து பொதுப் பைப் வரை உள்ள துண்டு பொதுவாக உங்கள் பொறுப்பு, அது கீழ்வீட்டுச் சீலிங்குக்குள் தொங்கினாலும். பல வீட்டுக் கழிவையும் சுமந்து இறங்கும் நிற்கிற பைப் பொதுச் சொத்து, அதை வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பராமரிப்புப் பணத்திலிருந்து பார்க்கவேண்டும். பதிவு செய்த தொடர்மாடிகளுக்கு 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் இதற்கான ஏற்பாடு உண்டு. பேசித் தீராவிட்டால் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையிடம் போகலாம். போவதற்கு முன் ஒன்று: வேலை கீழ்வீட்டுச் சீலிங்கைத் திறந்துதான் செய்யவேண்டி வரும், அதற்கு அவர் கதவு திறக்கவேண்டும். சண்டையை அந்த அளவுக்கு மேல் வளர்க்காதீர்கள்.

"பாஸ் வந்து பார்த்துப்போட்டு, முழுத் தரையையும் உடைக்கோணும் எண்டு சொல்றார். நம்பலாமா?"

அவர் என்ன சோதனை செய்தார் என்று கேளுங்கள். கதவடியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். வாளி ஊற்றி, டோர் மூடி திறந்து, கொமட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். பைப் தரைக்குள் வெடித்திருந்தால் உடைக்காமல் வழியில்லை. அப்போதும் முழுத் தரை எதற்கு என்று கேட்கலாம். கொமட்டிலிருந்து சுவர் வரை ஒரு கோடு உடைத்தால் போதும் என்கிற வீடுகள் நிறைய. டைல்ஸ் அதே மாதிரி கிடைக்காது என்பதுதான் அவர் தயங்கும் உண்மைக் காரணமாகவும் இருக்கலாம். அதை அவர் வாயால் சொல்லவையுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள்.

பைப் போட்ட அன்றே குழியை மூட விடாதீர்கள். கீழ்முனையை அடைத்து, பைப்பில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூவால் தடவிப் பாருங்கள், அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம். பிறகு பைப்பின் பக்கத்தில் அளவு நாடாவை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று தெரிகிற மாதிரி நாலைந்து படம் எடுங்கள். போன் மாறும்போது படம் தொலைந்துவிடும். ஒன்றைப் பிரின்ட் எடுத்துக் கரண்ட் மீற்றர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.